யூனிமாக்கின் அச்சு ஏன் உயர்ந்து நிற்கிறது?

பழைய யூனிமாக்கின் படத்தைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: சக்கரம் சிறியது, அடிவயிறு மட்டும் எப்படி அவ்வளவு உயரம்?

போரில் தோற்ற ஜெர்மனியில், ஆல்பர்ட் ஃப்ரீட்ரிக் என்ற பொறியாளர் உழவுக்கென்றே வடிவமைத்த வண்டி இது. 1948 முதல் 1951 வரை போரிங்கர் ஆலையில் உருவானவை சுமார் 600 மட்டுமே. அதன்பின் தயாரிப்பு, மெர்சிடிஸ் கார்களைச் செய்த டைம்லர்-பென்ஸின் காகெனாவ் ஆலைக்கு மாறியது. 25 குதிரைத்திறன் டீசல் எஞ்சின். சேகரிப்பவர்கள் தேடி அலைவது அந்த முதல் 600-ஐத்தான்.

இடது வலது சக்கரங்களின் இடைவெளி 1,270 மில்லிமீட்டர். உருளைக்கிழங்கின் இரண்டு வரிசைக்குக் கணக்காக வைத்தது. செடியை நசுக்காமல் அதன் மேலாகப் போக வேண்டும். டிராக்டருக்குப் பின்சக்கரம் பெரிது என்பதால் அச்சு தானே உயர்ந்துவிடும். இதற்கோ நான்கும் ஒரே அளவு. சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகமும் வேண்டும்.

விடை, போர்ட்டல் அச்சு. அச்சுத்தண்டு சக்கரத்தின் மையத்துக்கு வராமல் அதற்கு மேலேயே முடிகிறது. அதன் நுனியில் சின்னப் பல்சக்கரம். கீழே, சக்கரக் குடத்தோடு பெரிய பல்சக்கரம். இரண்டின் மைய இடைவெளி எவ்வளவோ, அச்சு அவ்வளவு உயரும். அழகு இதோடு முடியவில்லை. சின்னதில் 10 பல், பெரியதில் 20 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள்: முறுக்குவிசை சக்கரத்துக்குப் பக்கத்தில்தான் இரட்டிப்பாகிறது. அதுவரை தண்டும், இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலும் பாதி விசையைத் தாங்கினால் போதும். ஆகவே டிஃபரன்ஷியல் உறையைச் சிறிதாக்கலாம். அடியில் இன்னும் இடம் கிடைக்கும். இரண்டு பல்சக்கரம் கோத்தால் சுழற்சி எதிர்த்திசைக்கு மாறுமே? அதை ஈடுகட்டவே டிஃபரன்ஷியலின் பெரிய பல்வளையத்தை மறுபக்கம் வைக்கிறார்கள். எனக்கு இந்த வண்டியில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

பழுதும் இங்கேதான் வரும். ஓடிச் சூடான குடத்தின் பல்சக்கர உறை குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, தேய்ந்த ஆயில் சீல் வழியே நீரை உறிஞ்சும். வாங்கப் போகிறவர்கள் பெயின்டைப் பார்த்து மயங்குவது வருத்தமாக இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது நான்கு குடங்களையும். வண்டி ஓர் இரவு நின்றபின், குடத்தின் அடியில் உள்ள, ஆயிலை வடிக்கும் திருகை மெல்லத் தளர்த்துங்கள். கனமான நீர் அடியில் தங்கியிருந்தால் முதலில் அதுதான் சொட்டும். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது. பேரிங்கையும் கழற்றிப் பார்க்க வேண்டும். ஆயில் ஊற்றும்போது, மட்டம் காட்டும் அளவுத்துளையோடு நிறுத்துங்கள். மிஞ்சினால் சீலைத் தாண்டி பிரேக் டிரம்முக்குள் கசியும். பிரேக் லைனிங் ஆயிலில் ஊறினால் புதிதுதான் போட வேண்டும்.