பால்வாடித் தராசு காட்டும் எடை எதற்கு?

வடசென்னையில் ஒரு பால்வாடி. கொக்கியில் தராசு, அதன் கீழே துணித்தொட்டில். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை காலை உதைத்து அழ, முள் ஆடி ஆடி 7.7 கிலோவில் நிற்கிறது. டீச்சர் எழுதிக்கொள்கிறார். வேலைக்கு நேரமாகிவிட்ட அம்மா, எடை எவ்வளவு என்று கேட்காமலேயே குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்புகிறார்.

அவர் அவசியம் கேட்டிருக்க வேண்டும். அந்த வயதுப் பெண் குழந்தைக்கு 8.1 கிலோவுக்குக் கீழே போனால் எடைக்குறைவு. 7.2-க்கும் கீழே என்றால் கடுமையான எடைக்குறைவு. தாய் சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சி வரைபடத்தில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மூன்று பட்டைகள் இருக்கும். இந்தக் குழந்தையின் புள்ளி மஞ்சளில், அதாவது எடைக்குறைவில் விழும்.

2019-21ல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. 22 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற எடை இல்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முந்தைய ஆய்வில் இது 50.7 ஆக இருந்தது. நாட்டின் சராசரியைவிட நம் நிலை பரவாயில்லைதான். ஆனாலும் நான்கில் ஒரு குழந்தை குள்ளமாக வளர்கிறது என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சரி, அந்தக் குழந்தைக்கு என்ன கிடைக்க வேண்டும்? 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் அங்கன்வாடியில் இலவச உணவு உண்டு. சின்னக் குழந்தைகளுக்கு வீட்டுக்கு எடுத்துப்போகச் சத்துமாவு. இரண்டு வயது தாண்டியவர்களுக்குச் சூடான மதிய உணவு, வாரம் மூன்று நாள் முட்டை. ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தையைக் கண்டறிந்து கூடுதல் உணவு தர வேண்டியதும் அங்கன்வாடியின் பொறுப்பு. கடும் குறைபாடு என்றால், 2022ல் மாநில அரசு தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தில் மருத்துவப் பரிசோதனையும் சிறப்பு உணவும் உண்டு.

வருமானச் சான்று தேவையில்லை. வறுமைக்கோட்டை வைத்து யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2004லேயே சொல்லிவிட்டது.

ஆனால் இதெல்லாம் எடை பார்த்த குழந்தைக்குத்தான். சென்னையில் கூவம், அடையாறு கரையில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடிபெயர்த்தபோது, பல குடும்பங்களில் அம்மா பிறர் வீடுகளில் செய்யும் வேலை மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. விடியற்காலை பஸ் பிடித்தால், பால்வாடி திறக்கும் நேரத்தில் குழந்தை பாட்டியிடமோ பக்கத்து வீட்டிலோ இருக்கும். போதாததற்கு, பெரும்பாக்கம் சென்னை அல்ல, செங்கல்பட்டு மாவட்டம். பழைய மையத்தில் பெயர் இருந்தும் குழந்தை அங்கே இல்லை. புது மையத்தில் குழந்தை இருந்தும் பெயர் இல்லை. எடை மாதாமாதம் போஷன் டிராக்கரில் (அங்கன்வாடிக் குழந்தைகளின் விவரம் பதியும் அரசுச் செயலி) ஏறினால்தான் அந்தக் குழந்தை கணக்கில் வரும். கட்டட வேலைக்கு வந்து ஷெட்டில் தங்கியிருக்கும் வெளிமாநிலக் குழந்தைகளுக்கும் இதே கதிதான். தங்கியிருக்கும் இடத்துப் பால்வாடியில் சேரும் உரிமை அவர்களுக்கும் உண்டு.

ஆகவே வீடு மாறியதும் முதல் வேலையாகப் புது மையத்துக்குத் தாய் சேய் நல அட்டையோடு போய்ப் பதிவை மாற்றச் சொல்லுங்கள். அம்மாவால் முடியாவிட்டால் பாட்டி தூக்கிக்கொண்டு போகலாம். “எடை எவ்வளவு டீச்சர், எந்தக் கலர்ல இருக்கு?” என்று கேட்டு, புள்ளி வைத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டு மாதம் எடை ஏறவே இல்லை என்றால், பச்சையில் இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிடுங்கள். மேல்கைச் சுற்றளவை அளக்கும் நாடாவில் 11.5 சென்டிமீட்டருக்குக் குறைவாக வந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

பக்கத்தில் பால்வாடியே இல்லையா? ஆறு வயதுக்குட்பட்டவர்கள் 40 பேர் இருக்கும் குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் மையம் திறக்க வேண்டும் என்பது 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. குழந்தைகளின் பெயர், பிறந்த தேதி, பிளாக் எண் எழுதி, பெற்றோர் கையெழுத்தோடு திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். அப்புறம், மனு கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் வராதீர்கள்; மூன்று மாதக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்கும்.