எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் உதவித்தொகை: வேலூர்க்காரர்களுக்குக் கைநழுவிப் போவது எங்கே?

எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸில் பதிந்து ஐந்து வருடம் காத்திருந்தும் வேலை வராதவர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஒரு உதவித்தொகை தருகிறது. பத்தாம் வகுப்பு எழுதித் தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூ தேறியவருக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சேர்த்து வங்கிக் கணக்கில் போடுவார்கள். மொத்தம் மூன்று வருடம் கிடைக்கும். மாற்றுத்திறனாளிகள் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டாம், பதிந்து ஒரு வருடம் ஆனால் போதும். அவர்களுக்குப் பத்தாம் வகுப்பு வரை 600, பிளஸ் டூவுக்கு 750, பட்டத்துக்கு 1,000 ரூபாய். பத்து வருடம் வரை கிடைக்கும். வயது வரம்பும் வருமான வரம்பும் அவர்களுக்கு இல்லை.

தொகை சின்னதுதான். ஆனாலும் ஒரு பட்டதாரிக்கு மூன்று வருடத்தில் 21,600 ரூபாய் வருகிறது. பரீட்சைக் கட்டணத்துக்கும், சென்னைக்கு இன்டர்வியூ போய்வரும் பஸ் செலவுக்கும் வீட்டில் கேட்டு நிற்காமல் இருக்கலாம். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் அம்மா பீடி சுற்றிப் படிக்கவைத்த பிள்ளைகளுக்குப் போய்ச்சேர வேண்டிய பணம் இது. அவர்களில் பலருக்குப் போவதில்லை. தகுதி இல்லாமல் அல்ல, ஒரு தேதியையோ ஒரு தாளையோ யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்.

ஐந்து வருடத்தை எங்கிருந்து எண்ணுவது?

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். பதிவு எண்ணுக்குள்ளேயே ஒரு ஆண்டு இருக்கும். அது நீங்கள் முதன்முதலில் பதிந்த ஆண்டு. பத்தாவது முடித்ததும் பள்ளிக்கூடத்திலேயே பதிந்து கொடுத்திருப்பார்கள். அந்த ஆண்டைப் பார்த்துவிட்டு “எனக்குப் பத்து வருடம் ஆச்சே” என்று கிளம்பிப் போகிறார்கள். பதிவு அட்டையை முழுக்கப் படியுங்கள். பத்தாவது, பிளஸ் டூ, பட்டம் என்று ஒவ்வொரு தகுதிக்கும் நேராகத் தனித்தனிப் பதிவு தேதி இருக்கும். பட்டதாரிக்கான 600 ரூபாய் வேண்டுமென்றால் பட்டத்தைப் பதிந்த தேதியிலிருந்துதான் ஐந்து வருடம். 2019-இல் டிகிரி முடித்து, “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று 2022-இல் பதிந்தவருக்கு 2027-இல்தான் முறை வரும். ஆகவே மார்க் ஷீட் கைக்கு வந்த அதே மாதம் பதிந்துவிடுங்கள்.

இன்னொன்று, இந்தக் கணக்கு காலாண்டுக் கணக்கு. மார்ச் 31, ஜூன் 30, செப்டம்பர் 30, டிசம்பர் 31 ஆகிய நான்கு நாட்களில் ஏதாவது ஒன்றில் ஐந்து வருடம் நிறைந்திருக்க வேண்டும். 2020 மே 5-ஆம் தேதி பதிந்தவருக்கு 2025 மே மாதமே ஐந்து வருடம் நிறைந்தாலும், ஜூன் 30 கணக்கில்தான் சேர்ப்பார்கள். ஜூலையில் தொடங்கும் காலாண்டுக்குத்தான் விண்ணப்பம் போகும். மே மாதமே போய் நின்றால் “அடுத்த மாசம் வாங்க” என்று அனுப்புவார்கள். எந்த மாதம், ஏன் என்று விளக்க அங்கே யாருக்கும் பொழுது இருக்காது. வயதையும் இதே நாட்களை வைத்துத்தான் பார்க்கிறார்கள்: எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 45, மற்றவர்களுக்கு 40, அதற்கு மேல் போகக்கூடாது.

ரினியூவல்

பதிவை மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். ஐந்து வருடம் காத்திருப்பவர் அதற்குள் ஒரு முறையாவது புதுப்பித்திருக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் பதிவு செத்துவிடும். மறுபடி பதிந்தால் புதுத் தேதி விழும், ஐந்து வருடம் முதலிலிருந்து ஓடும். சீனியாரிட்டியும் போய்விடும். நடுவில் ரினியூவல் விட்டுப்போனவர்களுக்கு அரசு எப்போதாவது சலுகை அறிவிப்பதுண்டு. ஆனால் அது வரும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள்.

ரினியூவலுக்கு ஆபீஸ் போக வேண்டியதில்லை. வேலைவாய்ப்புத் துறையின் இணையதளத்தில் போனிலேயே செய்யலாம். பிரவுசிங் சென்டரில் செய்தால் இரண்டு விஷயம் கவனியுங்கள். உங்கள் போன் நம்பருக்குப் பதில் கடைக்காரர் தன் நம்பரைப் போட்டுவிட்டால் பாஸ்வேர்டு அவர் கையில் சிக்கிக்கொள்ளும். அடுத்து, புதுப்பித்த பிறகு அட்டையை மறுபடி பிரிண்ட் எடுத்து, அடுத்த ரினியூவல் தேதி மாறியிருக்கிறதா என்று அந்த இடத்திலேயே பாருங்கள். “பண்ணியாச்சு” என்று கடையில் சொன்னது ஆபீஸில் செல்லாது. அந்த பிரிண்ட்தான் செல்லும்.

எந்த ஊர் ஆபீஸ்?

2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் பக்கம் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போனது. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. அதற்கு முன் பதிந்தவர்களின் பழைய அட்டையில் வேலூர் என்றே இருக்கும். ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் இப்போது வேறு மாவட்டம். இப்படி இருந்தால் “இது எங்க லிமிட் இல்லை” என்று ஒரு ஆபீஸிலிருந்து இன்னொரு ஆபீஸுக்குத் துரத்துவார்கள். கல்யாணமாகி குடியாத்தத்திலிருந்து ஆம்பூர் போன பெண்களுக்கும் இதே தொல்லை. வழி இதுதான்: விண்ணப்பம் போடுவதற்கு முன்பே ரேஷன் கார்டைக் காட்டிப் பதிவில் முகவரியை மாற்றி, பதிவை இப்போது குடியிருக்கும் மாவட்டத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றினால் சீனியாரிட்டி போய்விடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். போகாது. பதிவு தேதி அப்படியே வரும். அட்டையில் எந்த மாவட்ட ஆபீஸ் இருக்கிறது என்று பார்த்து, போன் செய்து கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். பீஞ்சமந்தை மலையிலிருந்து ஒடுகத்தூர் இறங்கி வேலூர் வந்து சேரும் பையனுக்கு ஒரு தப்பான பயணம் என்பது ஒரு நாள் கூலி.

வருமானம்: 72,000 என்ற சுவர்

குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. அதாவது மொத்தக் குடும்பத்துக்கும் மாதம் 6,000. இன்றைய விலைவாசியில் இந்த வரம்பே அநியாயம், ஆனால் மாற்றும்வரை அதுதான் விதி. வருமானச் சான்று இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 60 ரூபாய். அங்கிருந்து விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) என்று போய் தாலுகா ஆபீஸில் முடியும்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், தம்பியின் ஸ்காலர்ஷிப்புக்காகப் போன மாதம்தான் வருமானச் சான்று வாங்கியிருப்பீர்கள், அதில் 84,000 அல்லது 96,000 என்று போட்டிருக்கும். ஸ்காலர்ஷிப்புக்கு அது போதும், இங்கே அது விண்ணப்பத்தைக் கொன்றுவிடும். ஒரே குடும்பத்துக்கு இரண்டு மாதத்தில் இரண்டு வேறு தொகைக்குச் சான்று கேட்டால் விஏஓ தர மாட்டார், அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆகவே வீட்டில் யாருக்காவது வருமானச் சான்று எடுக்கும்போதே உண்மையான வருமானத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். அலுவலர் வழக்கமாகப் போடும் தொகையைப் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள். அண்ணன் தனிக்குடித்தனம் போய் ஷூ கம்பெனியில் சம்பளம் வாங்குகிறார், ஆனால் பெயர் இன்னும் உங்கள் ரேஷன் கார்டில் இருக்கிறது என்றால் அவர் சம்பளத்தையும் உங்கள் தலையில் கட்டுவார்கள். முதலில் கார்டைப் பிரியுங்கள்.

யாருக்குக் கிடைக்காது

பி.இ., மருத்துவம், சட்டம், விவசாயம், கால்நடை மருத்துவம் போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்குக் கிடையாது. சுற்றிலும் இத்தனை இன்ஜினியரிங் காலேஜ் இருக்கிற ஊரில், பி.இ. முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்தான் அதிகம் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, பதில் இல்லை என்பதுதான். யாராவது காசு வாங்கிக்கொண்டு “பிளஸ் டூ பதிவை வச்சு வாங்கித் தரேன்” என்றால் நம்பாதீர்கள்.

தினமும் காலேஜ் போய்ப் படிப்பவருக்குக் கிடையாது. தொலைதூரக் கல்வியில் படிப்பவர் விண்ணப்பிக்கலாம். இதைத் தெரியாமல், அஞ்சல் வழியில் எம்.ஏ. படிப்பவர்கள் தாங்களாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். வேறு அரசு உதவித்தொகை வாங்குபவருக்கும் இதைச் சேர்த்துத் தர மாட்டார்கள். இரண்டில் எது பெரியது என்று பார்த்து முடிவெடுங்கள்.

எல்லைப்புறத்துக்காரர்களுக்கு இன்னொரு வாசகம் இடிக்கும். படிப்பு முழுக்கத் தமிழ்நாட்டில் முடித்திருக்க வேண்டும். காட்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஆந்திராவில் உள்ள சித்தூரிலும் பலமநேரிலும் போய்ப் படித்தவர்கள் உண்டு. அவர்கள் பெற்றோர் 15 வருடமாகத் தமிழ்நாட்டில் குடியிருப்பதைக் காட்ட வேண்டும். பழைய ரேஷன் கார்டைத் தூக்கிப் போடாதீர்கள், இருப்பிடச் சான்றும் எடுத்து வையுங்கள்.

படிவமும் கையெழுத்தும்

விண்ணப்பப் படிவம் இலவசம். எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் அடையாள அட்டையைக் காட்டினால் ஆபீஸில் தருவார்கள், இணையதளத்திலும் இறக்கிக்கொள்ளலாம். வெளியில் விற்பவரிடம் வாங்காதீர்கள். படிவத்தில் விஏஓவும் ஆர்ஐயும் கையெழுத்துப் போட்டு முத்திரை வைக்கும் பகுதி உண்டு. பல விண்ணப்பங்கள் திரும்பி வருவது இந்தப் பகுதியால்தான். வருமானத் தொகையை எண்ணால் 60,000 என்று எழுதிவிட்டு எழுத்தில் வேறு எழுதியிருப்பார்கள். அல்லது 6-ஐ 7 ஆக்கி மேலேயே எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போடாமல் விட்டிருப்பார்கள். முத்திரை இருக்கும், தேதி இருக்காது. கையெழுத்து வாங்கியதும் நகராமல் அங்கேயே நின்று தொகை, எழுத்து, முத்திரை, தேதி நான்கையும் படித்துப் பாருங்கள். அடித்தல் இருந்தால் அதன் பக்கத்தில் அவரே ஒரு கையெழுத்துப் போட வேண்டும்.

உங்கள் விஏஓ இரண்டு கிராமத்தைச் சேர்த்துப் பார்ப்பவராக இருக்கலாம். எந்தக் கிழமை எந்த ஊரில் இருப்பார் என்று தலையாரியிடம் கேட்டுக்கொண்டு போங்கள். இரண்டு படிவம் பூர்த்தி செய்து இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். ஒன்று கெட்டாலும் மறுபடி அலைய வேண்டாம்.

ஆபீஸுக்குப் போகும்போது அடையாள அட்டை, அசல் மார்க் ஷீட்டுகள், டிசி, சாதிச் சான்று, வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக் எல்லாம் அசலோடும் ஜெராக்ஸோடும் இருக்கட்டும். மார்க் ஷீட்டில் “எம். கவிதா”, ஆதாரில் “கவிதா முருகன்”, பாஸ்புக்கில் “கவிதா” என்று இருந்தால் முதலில் வங்கியில் சரிசெய்யுங்கள், அதுதான் சீக்கிரம் முடியும். கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருக்க வேண்டும். அப்பாவோடு கூட்டுக் கணக்கு வேண்டாம். சிண்டிகேட், ஆந்திரா, கார்ப்பரேஷன், அலகாபாத் வங்கிகளின் பழைய பாஸ்புக் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். அவை 2020-இல் வேறு வங்கிகளோடு இணைந்தன, பழைய ஐஎஃப்எஸ்சி எண்ணுக்குப் பணம் வராது. புதுப் பாஸ்புக் வாங்கி அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுங்கள். பல மாதம் பணம் போட்டு எடுக்காமல் முடங்கிய கணக்காக இருந்தால் கேஒய்சி கொடுத்து உயிர்ப்பியுங்கள்.

வர ஆரம்பித்த பிறகு

ஒரு வருடம் ஒழுங்காக வந்து, திடீரென்று நின்றுபோகும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: சுய உறுதிமொழி ஆவணம். நான் இன்னும் வேலையில் இல்லை என்று வருடத்துக்கு ஒரு முறை எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கான கடிதம் வீட்டுக்கு வரும் என்று காத்திருக்காதீர்கள். விண்ணப்பம் கொடுத்த மாதத்தைப் பாஸ்புக் அட்டையில் எழுதி வையுங்கள், அடுத்த வருடம் அதே மாதம் அடையாள அட்டை, பாஸ்புக், ஆதார் ஜெராக்ஸோடு போய்க் கொடுங்கள். மூன்று வருடத்துக்கு நடுவே பதிவு ரினியூவல் வந்தால் அதையும் செய்ய வேண்டும். இரண்டும் வேறு வேறு.

இடையில் வேலை கிடைத்தால் எழுதிக் கொடுத்து நிறுத்திவிடுங்கள். மறைத்து வாங்கினால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். தனியார் வேலைக்குப் போனால் பதிவே ரத்தாகிவிடும் என்று பயந்து, மாவட்ட நிர்வாகம் நடத்தும் வேலைவாய்ப்பு முகாமுக்கே போகாதவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். தனியார் வேலையாலோ இந்த உதவித்தொகையாலோ பதிவும் சீனியாரிட்டியும் ரத்தாகாது. அதே ஆபீஸில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பும் நடக்கும், கேட்டுப் பாருங்கள்.

கொடுத்த விண்ணப்பத்துக்கு ஒப்புகை கேளுங்கள். தர மறுத்தால் நகலில் தேதியோடு ஆபீஸ் முத்திரை வாங்குங்கள். அதுவும் இல்லையென்றால் ஸ்பீடு போஸ்ட்டில், போய்ச்சேர்ந்ததற்கான சான்று கேட்டு அனுப்புங்கள். “மேலே அனுப்பிட்டோம்” என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தால் திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வுக் கூட்டத்தில் மனு கொடுத்து மனு எண் வாங்குங்கள். 1100-க்குப் போன் செய்தும் பதியலாம். அதற்கும் அசையவில்லை என்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த ஆபீஸின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதுங்கள். “ஏன் தரவில்லை” என்று கேட்டால் பதில் வராது. இப்படிக் கேளுங்கள்: இந்தப் பதிவு எண்ணுக்கான என் விண்ணப்பம் எந்தத் தேதியில் பெறப்பட்டது, இப்போது எந்த அலுவலரிடம் இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது, நிராகரித்திருந்தால் அந்த ஆணையின் நகல் தருக. 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை.