முதுகு வலியோடு வரும் பையன்களுக்கு நான் எழுதிக் கொடுக்கும் பதினொரு பேர்

வேகப்பந்து போடுகிற பதினைந்து வயதுப் பையனிடம் "நாலு மாசத்துக்குப் பந்தைத் தொடாதே தம்பி" என்று சொல்வதுதான் என் தொழிலிலேயே கஷ்டமான வேலை. மதுரையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். கோடை லீவில் இந்தப் பேச்சை அடிக்கடி பேச வேண்டி வரும். பரீட்சை முடிந்து, கண்மாயும் வற்றி, ஊருக்கு ஊர் டோர்னமென்ட் நோட்டீஸ் ஒட்டுகிற காலம் அது. உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர், அலங்காநல்லூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் அப்பாவோ மாமாவோ பையனைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

தொடாதே என்று மட்டும் சொல்லி அனுப்பினால் பத்தே நாளில் வீட்டுக்குத் தெரியாமல் போட ஆரம்பித்துவிடுவான். அதனால் கையில் ஒரு வேலையும் கொடுத்து அனுப்புகிறேன். பார்க்க அழகான பதினொரு கிரிக்கெட் ஆட்டக்காரர்களை ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பேன். அவர்களுடைய வீடியோக்களைப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் நான் சொல்கிற ஓர் இடத்தைக் கவனித்து, அடுத்த முறை வரும்போது என்ன பார்த்தான் என்று சொல்ல வேண்டும். ரன்னையும் விக்கெட்டையும் எண்ணி எடுத்த அணி இல்லை இது. அப்படி எடுத்தால் டெண்டுல்கர் இல்லாமல் அணியே கிடையாது. உடம்பு முரண்டு பிடிக்காமல் வேலை செய்வது யாரிடம் நம் கண்ணுக்கே தெரிகிறதோ அவர்களை எடுத்திருக்கிறேன்.

அணிக்குப் போவதற்கு முன்னால் வலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் படிக்க வேண்டியது இந்தப் பகுதியைத்தான்.

பையன் சொல்வது அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். "சார், பௌலிங் போட்டா மட்டும்தான் வலிக்குது. பேட்டிங்ல ஒண்ணும் இல்ல சார்." அப்பா சொல்வார்: "சுளுக்குன்னு நெனச்சு ரெண்டு தடவ எண்ணெய் போட்டு நீவிவிட்டோம் சார். கேட்கல." வலக்கையால் போடுகிறவன் என்றால் இடது காலை மட்டும் ஊன்றி நின்று, பின்பக்கமாக மெதுவாக வளையச் சொல்வேன். பாதி வளைவதற்குள் முகம் மாறிவிடும். எங்கே என்று கேட்டால் பெல்ட் போடுகிற இடத்தில், முதுகெலும்புக்கு இடப்பக்கம், ஒற்றை விரலால் தொட்டுக் காட்டுவான். இந்த ஒரு சோதனையை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் வளர்கிற வயதில் வேகப்பந்து போடுகிற பையன் இப்படி ஒற்றை விரலால் இடத்தைக் காட்டினால் எலும்பு டாக்டரிடம் அனுப்பாமல் நான் விடுவதில்லை. ஆரம்பக் கட்டத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ.யில் தெரியும். "எக்ஸ்ரேல நல்லா இருக்குன்னுட்டாங்க" என்று திரும்பவும் பந்து போட அனுப்பிவிடுகிறவர்கள் நிறைய.

உள்ளே நடப்பது இதுதான். பந்து போடும்போது முன்கால் தரையில் ஊன்றுகிற நொடியில் உடம்பு எடையைப் போல ஐந்தாறு மடங்கு சுமை அந்தக் காலில் இறங்குகிறது. அந்த நேரத்தில் இடுப்பு பேட்ஸ்மேனைப் பார்த்து நிற்க, தோள் மட்டும் பக்கவாட்டில் திரும்பியிருந்தால், ஈரத் துண்டைப் பிழிவதுபோல கீழ்முதுகு முறுக்கப்படும். இடுப்பு முள்ளெலும்புகளில் நான்காவதிலும் ஐந்தாவதிலும், பின்பக்கம் மெல்லிய பாலம் போல ஒரு பகுதி உண்டு. முறுக்கும் சுமையும் திரும்பத் திரும்ப விழுந்து அங்கே கீறல் விடுகிறது. ஸ்ட்ரெஸ் பிராக்சர் என்பது அதுதான். அந்த எலும்பு முழுதாக முற்றுவதே இருபது வயதைத் தாண்டித்தான். சீக்கிரம் கண்டுபிடித்து ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் கூடிவிடும்.

"யார் மாதிரி போடுவே?" என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் பும்ரா என்பார்கள். கொஞ்சம் மூத்தவர்கள் மலிங்கா என்பார்கள். இரண்டு பேரையுமே நான் அணியில் எடுக்கவில்லை. பையன்கள் சண்டைக்கு வருகிறார்கள், நியாயமான சண்டைதான். பும்ரா ஓடி வருகிற ஓட்டத்தில் வேகம் அதிகம் இல்லை, கடைசி இரண்டு மூன்று எட்டில்தான் எல்லாமே பிறக்கிறது. பின்பக்கமாக அதிகம் மடங்குகிற அவருடைய முழங்கை அவர் உடம்போடு வந்தது. அந்த உடம்புக்கே 2019இல் கீழ்முதுகில் ஸ்ட்ரெஸ் பிராக்சர் வந்தது. 2022இல் மறுபடியும் முதுகு, டி20 உலகக் கோப்பை போயிற்று. 2023இல் நியூசிலாந்தில் ஆபரேஷன். 2025 தொடக்கத்தில் சிட்னியில் முதுகு பிடித்துக்கொண்டது, சாம்பியன்ஸ் டிராபியும் போயிற்று. அதே வருடம் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்டில் மூன்று மட்டும்தான் ஆடவைத்தார்கள். அவர் போடுகிற ஒவ்வொரு பந்துக்கும் கணக்கு வைக்க ஆள் இருக்கிறது. நம் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? மலிங்கா இலங்கையின் காலி என்ற ஊர்ப் பக்கத்துக் கடற்கரையில் டென்னிஸ் பால் போட்டு வளர்ந்தவர். அந்தப் பக்கவாட்டு வீச்சோடு டெஸ்ட் ஆட முழங்கால் ஒத்துழைக்காமல் 2011இல் டெஸ்டை விட்டார். இரண்டு பேரும் அதிசயம்தான். காப்பி அடிக்கிற பையன்தான் என்னிடம் வருகிறான் என்பதால் சீட்டில் அவர்கள் பெயர் இல்லை.

சீட்டில் முதலில் எழுதுவது வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வீச்சாளர் மைக்கேல் ஹோல்டிங். ஓடி வரும் காலடிச் சத்தம் நடுவருக்கே கேட்காது என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 'விஸ்பரிங் டெத்' என்ற பட்டம் அப்படி வந்ததுதான். 1976இல் லண்டன் ஓவல் மைதானத்தில், உயிரே இல்லாத பிட்ச்சில், ஒரே டெஸ்டில் 14 விக்கெட் எடுத்தார். பையனுக்கு நான் கொடுக்கிற கேள்வி: அவர் ஓட்டத்தில் வேகம் எந்த இடத்தில் கூடுகிறது? திரும்பத் திரும்பப் பார்த்தும் ஒருவரும் சரியாகச் சொன்னதில்லை. அது துளித்துளியாகக் கூடிக்கொண்டே வருகிறது, தலை மட்டும் ஒரே உயரத்தில் மிதந்து வருகிறது. நம் ஊர் டோர்னமென்ட்டில் பாருங்கள். பவுண்டரியிலிருந்து மூச்சு வாங்க ஓடி வந்து, ஸ்டம்ப் பக்கத்தில் கிட்டத்தட்ட நின்றுவிட்டு, அப்புறம் மொத்த வேகத்தையும் முதுகிலிருந்தும் தோளிலிருந்தும் பிடுங்கி எறிவார்கள். ஓடிவந்த ஓட்டம் வீண். ஹோல்டிங்கும் காயம் படாதவர் இல்லை, பின்னாளில் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டார். ஆனால் ஓட்டத்தில் சேர்த்ததைப் பந்துக்குக் கொண்டுபோவது எப்படி என்று கண்ணால் படிக்க அவரைவிட நல்ல ஆள் எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் அணியில் இல்லாத ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லியைப் பற்றியும் சொல்வேன். 1973இல் முதுகெலும்பில் கீறல் விட்டு, உடம்பில் மாவுக்கட்டோடு கிடந்தவர். ஆட்டம் முடிந்தது என்றார்கள். பொறுமையாக உடம்பைத் தேற்றி, ஆக்‌ஷனையும் சரிசெய்து, 1974-75இல் இங்கிலாந்துக்கு எதிரான ஆஷஸ் தொடரில் திரும்பி வந்தார். அவர்தான் 1987இல் சென்னையில் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பேஸ் பவுண்டேஷன் என்ற வேகப்பந்துப் பயிற்சி மையத்தில் பல வருடம் நம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இன்னொரு ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பேட் கம்மின்ஸ் கதை அப்பாக்களுக்கு. 2011இல் ஜோகன்னஸ்பர்க்கில் 18 வயதில் முதல் டெஸ்ட், ஆட்ட நாயகன் விருது. முதுகும் மற்ற காயங்களும் சேர்ந்து அடுத்த டெஸ்ட் ஆட 2017 ஆகிவிட்டது. "அவருக்கு அஞ்சு வருஷத்துக்கு மேல போச்சு, உங்க பையனுக்கு நாலு மாசம்தானே" என்றால் அப்பாக்கள் கொஞ்சம் இறங்கி வருகிறார்கள்.

சீட்டில் அடுத்து, நம் இடக்கை சுழற்பந்து வீச்சாளர் பிஷன் சிங் பேடி. பையன்கள் யாருக்கும் அவரைத் தெரிவதில்லை. முதல்தர ஆட்டங்களில் 1,560 விக்கெட், டெஸ்டில் 266. பந்து கையைவிட்டுப் போன பிறகு அவர் நிற்கிற நிலையைப் பார் என்பேன். எந்தப் பக்கமும் சாயாமல், அடுத்த பந்தை அப்போதே போடலாம் என்பதுபோல நிற்பார். பாகிஸ்தானின் இடக்கை வேகப்பந்து வீச்சாளர் வாசிம் அக்ரம் அழகில் ஆபத்தான அழகு. சின்ன ஓட்டம், மின்னல் கை. 1992 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இங்கிலாந்தின் லாம்பையும் லூயிஸையும் அடுத்தடுத்த பந்தில் பௌல்டாக்கியதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. அந்தக் கை வேகம் யாருக்கும் கடன் கிடைக்காது. மணிக்கட்டு பந்துக்குப் பின்னால் நேராக இருக்கிறதே, அதை மட்டும் பார். ஆஸ்திரேலிய லெக் ஸ்பின்னர் ஷேன் வார்ன் நாலு எட்டு நடந்து வந்து போடுகிறார், லேசானது என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்கே 1998இல் தோளில் ஆபரேஷன் நடந்தது. லெக் ஸ்பின் பழகுகிற பையன் தோளுக்குத் தனியாகப் பயிற்சி செய்தே ஆக வேண்டும்.

பேட்டிங்கில் எனக்கு எல்லாருக்கும் மேல் ஜி.ஆர். விஸ்வநாத். 1975 ஜனவரியில் சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி ராபர்ட்ஸ் 7 விக்கெட் எடுத்த இன்னிங்ஸில் இந்தியா மொத்தம் 190, அதில் விஸ்வநாத் அவுட் ஆகாமல் 97. வீடியோ அதிகம் கிடைக்காது. "உங்க தாத்தாகிட்ட கேளு, ரேடியோல கேட்டிருப்பார்" என்று அனுப்பிவிடுவேன். கேட்டுவிட்டு வந்து அரைமணி நேரம் பேசியவர்கள் உண்டு. குள்ளமான மனிதர். பந்து தன்னைத் தாண்டப் போகிறது என்கிற வரை காத்திருந்து, அப்புறம்தான் ஸ்கொயர் கட். பந்தைத் தேடிப் போய் உடம்பை எக்கி அடிக்காததால் முதுகுக்கு வேலையே இல்லை.

லக்ஷ்மணும் அதே வகை, மணிக்கட்டால் திருப்புகிறவர். 2001 ஈடன் கார்டன்ஸ் 281க்கு முன்னால் அவருக்கு முதுகுப் பிரச்சினை இருந்தது என்பதும், அணியின் பிசியோ ஆண்ட்ரூ லீபஸ் சிகிச்சை கொடுத்துத்தான் ஆடவந்தார் என்பதும் பலருக்குத் தெரியாது. எங்கள் தொழிலுக்கு அது பெருமை.

தொடக்க ஆட்டக்காரர் பாகிஸ்தானின் சயீத் அன்வர். 1997 மே மாதம், சேப்பாக்கம், நமக்கு எதிராக 194. அடித்தது நம்மை என்றாலும் அழகு அழகுதான். அந்த வெயிலில் தசை பிடித்துக்கொண்டு, பாதிக்கு மேல் இவருக்காக வேறொருவர் ரன் ஓட, இவர் நின்ற இடத்தில் நின்று அடித்தார். மே மாதத்து மதுரை வெயில் சேப்பாக்கத்துக்கு இளைத்ததில்லை. காலையில் டீயும் பன்னும் மட்டும் சாப்பிட்டுவிட்டு மதியம் வரை ஆடுகிற பையன்களுக்குக் கெண்டைக்காலில் பிடிப்பு வருவது ஆச்சரியமே இல்லை. நீச்சத்தண்ணியோ உப்புப் போட்ட மோரோ ஒரு பாட்டிலில் கொடுத்தனுப்புங்கள். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் ஓவர் இடைவெளியில் குடிக்க வேண்டும். தலை சுற்றல், வாந்தி, பேச்சில் குழப்பம் என்றால் அது வெறும் பிடிப்பு இல்லை. நிழலுக்குத் தூக்கிப் போய் உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அன்வரோடு இறங்குவது இந்தியப் பெண்கள் அணியின் ஸ்மிருதி மந்தனா. இப்போது பெண் பிள்ளைகளும் அகாடமிக்குப் போகிறார்கள், சீட்டில் அவர்களுக்கும் ஒரு பெயர் இருக்க வேண்டும் என்பது ஒரு காரணம். அவருடைய கவர் டிரைவ் இன்னொரு காரணம், அதுவே போதும். பையன்களும் அதில் முன்முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, தலை எங்கே வந்து நிற்கிறது என்று பார்க்கட்டும். வெஸ்ட் இண்டீஸின் லாராவும் இங்கிலாந்தின் டேவிட் கோவரும் நடு வரிசையில். பேட்டிங்கில் மட்டும் நான்கு இடக்கைக்காரர்கள் சேர்ந்துவிட்டார்கள். வேண்டுமென்று செய்ததில்லை.

கீப்பர் தோனி. 2025 அக்டோபரில் அவர் மதுரைக்கு வந்து புது ஸ்டேடியத்தைத் திறந்துவைத்ததிலிருந்து கீப்பிங் கிளவுஸ் கேட்கிற பிள்ளைகள் அதிகமாகிவிட்டார்கள். பந்தை வாங்கும்போது கையைப் பின்னால் இழுக்காமல் நேராக ஸ்டம்புக்குக் கொண்டுபோகிறாரே, அதில் மிச்சமாகும் நேரத்தைப் பாருங்கள். கூடவே, 2023 ஐ.பி.எல். முடிந்த கையோடு அவர் இடது முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்டதையும் நினைவில் வையுங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் சிமெண்ட் தரையில் மணிக்கணக்காகக் குந்தியிருந்து கீப்பிங் பழகுகிற பிள்ளைக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்துக்கொண்டு வலிக்கலாம். வளர்கிற வயதில் வருவதுதான், பயப்பட வேண்டாம். வலி இருக்கிற வாரங்களில் குந்துவதைக் குறைத்தால் அடங்கும்.

சரி, பந்து எண்ணிக்கைக்கு வருகிறேன். சனிக்கிழமை ஸ்கூல் டீம். ஞாயிறு காலை அகாடமி நெட்ஸ். மதியம் ஊர் டீம், அங்கே கேப்டன் மாமா. "மாமா கூப்புட்டா மாட்டேன்னு எப்படி சார் சொல்றது?" என்று ஒரு பையன் கேட்டான். நானே அந்த மாமாவுக்குப் போன் போட்டுப் பேசினேன். நல்ல மனிதர், உடனே புரிந்துகொண்டார். ஸ்கூல் மாஸ்டருக்கு அகாடமிக் கணக்கு தெரியாது, அகாடமிக் கோச்சுக்கு ஊர் டீம் கணக்கு தெரியாது. இங்கிலாந்தில் நீண்ட காலமாகக் கடைப்பிடித்துவந்த வரம்பு ஒன்று உண்டு: 13 வயது வரை ஒரு ஸ்பெல்லுக்கு, அதாவது ஒரே மூச்சில் தொடர்ந்து போடுவதற்கு, 5 ஓவர், ஒரு நாளைக்கு 10. 15 வயது வரை 6 ஓவர், ஒரு நாளைக்கு 12. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நெட்ஸில் போடுவதும், டென்னிஸ் பாலில் போடுவதும் கணக்கில் சேரும். முதுகுக்குப் பந்தின் எடை தெரியாது, முன்கால் ஊன்றுகிற அடிதான் தெரியும். வீட்டில் தினசரி காலண்டர் தாளிலேயே அன்றைக்குப் போட்ட ஓவரை எழுதி வைத்தால் போதும். நாலு வாரத்தைச் சேர்த்துப் பார்க்கும்போது திடீரென்று எகிறிய வாரம் எது என்று பளிச்சென்று தெரியும்.

வலி நின்ற அன்றே பந்தைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். டாக்டர் சம்மதித்த பிறகு, முதலில் நின்ற இடத்திலிருந்து, அப்புறம் நடந்து வந்து, அப்புறம் பாதி ஓட்டம் என்று பல வாரங்களில்தான் முழு வேகத்துக்குப் போக வேண்டும். பார்க்க வரும்போது பையன் பந்து போடுவதைப் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் போனில் எடுத்துக்கொண்டு வாருங்கள். புது பேட்டரி போட்ட ஆள் மாதிரி முதல் ஓவரில் எல்லாரும் நன்றாகத்தான் போடுவார்கள். களைத்துப்போன கடைசி ஓவரையும் எடுங்கள்.