பேட்டரி இல்லாமல் திருச்சி வானொலி: சாரணர்களின் கிரிஸ்டல் செட்

கிரிஸ்டல் ரேடியோவுக்குப் பேட்டரியும் வேண்டாம், கரண்டும் வேண்டாம் என்று சொன்னால் இன்றைக்குப் பிள்ளைகள் சட்டென்று நம்புவதில்லை. ஒலிபரப்பு நிலையம் அனுப்பும் அலை ஏரியல் கம்பியில் பட்டு உண்டாக்குகிற துளி மின்சாரம்தான் இயர்போனை அதிரவைக்கிறது. அவ்வளவுதான், வேறு எதுவும் உதவிக்குக் கிடையாது. மலிவு, முகாமுக்குத் தூக்கிப்போகலாம், ஷாக் அடிக்காது. சாரணர் இயக்கம் இதைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. அமெரிக்கச் சாரணர்களுக்கு 1918-லேயே வயர்லெஸ்ஸுக்கு என்று தனி பேட்ஜ் வந்துவிட்டது. அங்கே 1920-களில் ஓட்ஸ் டப்பாவில் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் செய்த பையன்கள் ஏராளம்.

அந்தக் காலத்தில் கிரிஸ்டல் என்பது கலீனா, அதாவது ஈயமும் கந்தகமும் சேர்ந்த கல். பூனைமீசை என்று பெயர் வைத்த மெல்லிய கம்பியால் கல்லைக் குத்திக் குத்தி, பேச்சு கேட்கிற இடத்தைத் தேட வேண்டும். (கலீனாவால் அலையைக் கண்டறியும் கருவிக்கு 1901-ல் விண்ணப்பித்து 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் நம்ம ஜகதீஷ் சந்திர போஸ்.) பிறகு கல்லின் வேலையைச் செய்ய ஜெர்மானியம் டையோடு என்ற சிறு பாகம் வந்ததும் குத்துகிற வேலை போயிற்று.

சரி, அந்தக் கல்லோ டையோடோ என்னதான் செய்கிறது? திருச்சி வானொலியின் மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ், அதாவது மின்சாரம் நொடிக்கு 9,36,000 முறை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது. அந்த அலையின் உயரத்தை ஏற்றி இறக்கித்தான் பேச்சை அதில் ஏற்றுகிறார்கள். இயர்போனின் தகடு அந்த வேகத்துக்கு ஆடாது, முன்னால் தள்ளுவதும் பின்னால் இழுப்பதும் ஒன்றையொன்று அடித்துவிட, ஒரு சத்தமும் வராது. டையோடு ஒரு பக்கத்தை மட்டும் விட்டு மறுபக்கத்தை அடைக்கிறது. அப்போது மிஞ்சுகிற தள்ளலின் சராசரி பேச்சோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது, தகடும் அதற்கு ஆடுகிறது. நிலையத்தைத் தேர்ந்தெடுப்பது காயிலும், திருகித் திருகி அளவை மாற்றுகிற கேங் கண்டன்சரும். காயிலின் அளவு சுமார் 230 மைக்ரோஹென்றி என்றால், கண்டன்சரை 125 பிகோஃபாரட் பக்கத்தில் வைத்தால் திருச்சி மாட்டும்.

ஆனால் செய்து பார்க்கிறவர்கள் பலர் கவனிக்காமல் விடுவது எர்த், அதாவது செட்டை மண்ணோடு இணைக்கிற இணைப்பு. ஏரியலில் வந்த மின்சாரம் காயில் வழியாக மண்ணுக்குள் இறங்கி ஏறினால்தான் வேலை நடக்கும், மண் தடுத்தால் இருக்கிற துளிச் சக்தியும் சூடாக வீணாகிவிடும். இந்த விஷயத்தில் டெல்டாக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்பேன். ஈரமான வண்டல் களிமண் பாறை நிலத்தைவிடப் பல மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும், பழைய இரும்பு அடிபம்பின் குழாய் நிலத்தடி நீர்வரைக்கும் போகும், அதைவிட நல்ல எர்த் எங்கே தேடுவது? பிவிசி குழாயில் மட்டும் கட்டிவிடாதீர்கள். மத்திய அலை பகலில் தரையை ஒட்டியே வருவதால், வழியில் மண் ஈரமாக இருந்தால் தூரத்தில் அது வலுவிழப்பதும் குறைவு. திருச்சியில் 1939-லேயே வானொலி நிலையம் வந்துவிட்டது. பின்னாளில் 100 கிலோவாட் மத்திய அலை, நடுவில் மலையே இல்லாத சமவெளி, தஞ்சாவூருக்கோ ஐம்பத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். கிரிஸ்டல் செட்டுக்கு இதைவிடத் தோதான இடம் அமைவது கஷ்டம்.

சித்திரையில் களிமண் வெடித்துக் கிடக்கும்போது எர்த் கம்பியைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தபின் அது தேவைப்படாது. இயர்போன் விஷயத்தில் செல்போனுடையது உதவாது, அதன் 32 ஓம் என்கிற குறைந்த மின்தடை சுற்றையே அமுக்கிவிடும். 2,000 ஓம் ஹெட்போனோ கிரிஸ்டல் இயர்போனோ வேண்டும். ஏரியலுக்கு இருபது, முப்பது மீட்டர் கம்பியைத் தென்னைக்கும் தென்னைக்கும் கட்டலாம், மின்சார லைன் பக்கம் மட்டும் போகவே கூடாது. ஐப்பசியில் வானம் இருட்டத் தொடங்குவதற்கு முன்பே ஏரியலை வீட்டுக்கு வெளியிலேயே எர்த்தோடு நேராக இணைத்துவிட்டு, செட்டைக் கழற்றி உள்ளே வையுங்கள். இடி இடிக்க ஆரம்பித்தபின் கம்பியைத் தொடவே வேண்டாம்.