பர்லோ: சொல் விளக்கம்

நீண்ட விடுமுறையைக் குறிக்கும் ஆங்கில furlough தான் 'பர்லோ'; பழைய மிஷன் காம்பவுண்டுகளில் புழங்கிய சொல் இது. "ஐயா பர்லோவில் போயிருக்கிறார்" என்றால், மிஷனரி தன் நாட்டுக்குக் கப்பலேறிவிட்டார், திரும்பி வர ஒரு வருஷமாவது ஆகும் என்று பொருள். மற்றவர்கள் "சீமைக்குப் போயிருக்கிறார்" என்பதோடு முடித்துக்கொள்வார்கள்.

சொல்லின் மூலம் டச்சு மொழி. அங்கே 'வெர்லோஃப்' என்றால் போவதற்கான அனுமதி. 17ஆம் நூற்றாண்டில் படைவீரர் விடுமுறையைக் குறிக்கும் சொல்லாக ஆங்கிலத்துக்குள் வந்தது. பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்கு, அப்புறம் மிஷனரிகளுக்கு. 2020 கொரோனா காலத்தில் பிரிட்டனில் வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி, 80 சதவீதச் சம்பளத்தை அரசே கொடுத்த ஏற்பாட்டுக்கும் இதே பெயர்தான்.

மிஷனரிக்கு இது ஓய்வு என்று நினைத்தால் தவறு. ஊர் ஊராகச் சபைகளுக்குப் போய்ப் பேச வேண்டும், ஊழியத்துக்குக் காணிக்கை திரட்ட வேண்டும். சில வீடுகளில் மகளுக்குப் புடவை கட்டிவிட்டு மேடையேற்றி, தமிழில் ஒரு பாட்டும் பாட வைப்பார்கள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ்நாடுதான் ஊர். அப்பாவின் ஊரில் அவள் வேடிக்கைப் பொருள்.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. பர்லோ முடிந்து பெற்றோர் கப்பலேறும்போது, படிக்கிற வயதுப் பிள்ளைகள் பலர் உறவினர் வீட்டில் தங்கிவிடுவார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடருக்கும் அதுதான் நடந்தது. 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு யாழ்ப்பாணம் வந்தவர். அப்பாவும் இங்கேயே மருத்துவ மிஷனரி. குடும்பம் அமெரிக்கா போயிருந்தபோது அப்பா முதலில் திரும்பினார், பின்னால் அம்மாவும் திரும்பினார். பதின்வயது ஐடா சிகாகோவில் உறவினர் வீட்டில் விடப்பட்டார். மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்று அவர் இருந்ததில் எனக்கு வியப்பில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் திண்டிவனம் வந்தார். அங்கே ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் மருத்துவரான அப்பாவை அனுமதிக்க மறுத்தார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன் பிறகே ஐடா மருத்துவம் படிக்கப் போய், 1900இல் வேலூரில் வேலையைத் தொடங்கினார். அந்த ஆண்டே அப்பா காலமானார். அம்மா கடைசிவரை மகளோடுதான் இருந்தார்.

பிள்ளைகளைக் கடல்கடந்து விடாமல் இங்கேயே படிக்கவைக்க வேண்டும் என்ற நினைப்பில்தான் கொடைக்கானலில் 1901இல் ஹைகிளர்க் பள்ளி வந்தது. இன்று அது கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? பொதுவாக 'விடுப்பு' போதும். விடு என்ற வினையில் பிறந்ததால் போகவிடும் பொருள் அதிலேயே இருக்கிறது; விடைபெறுதலின் 'விடை'யும் அதே குடும்பம். கைதிகளைச் சில நாள் சிறைக்கு வெளியே அனுப்புவதற்கும் பர்லோ என்றுதான் பெயர்; அதைச் 'சிறை விடுப்பு' எனலாம். ஆனால் இதையும் பரோலையும் ஒன்றாக்கக் கூடாது: பரோலுக்குக் குறிப்பிட்ட காரணம் வேண்டும், பர்லோவுக்குத் தேவையில்லை, வெளியில் இருக்கும் நாளும் தண்டனைக் காலத்தில் சேரும். மிஷனரிகளுக்கு 'தாயக விடுப்பு' என்று சொல்லத் தோன்றும். அமெரிக்காவிலிருந்து வந்த தாத்தா ஸ்கடருக்கு அது பொருந்தும், ராணிப்பேட்டையில் பிறந்த பேத்தி ஐடாவுக்கு எப்படிப் பொருந்தும்? 'நெடுவிடுப்பு' என்பதே என் தேர்வு. பழைய சபைக் கடிதங்களை அச்சிடும்போது மட்டும் 'பர்லோ' என்றே விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு குறிப்புப் போட்டுவிடலாம்.