கூடத்துச் சுவரில் ஒரு நெபுலா

தர்மபுரியில் புது வீடு கட்டிய வாசகர் ஒருவருக்குக் கிரகப்பிரவேசத்தன்று ஃபிரேம் போட்ட படம் ஒன்று வந்திருக்கிறது. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி 1995இல் எடுத்த 'படைப்பின் தூண்கள்'. கழுகு நெபுலா என்ற விண்வெளி மேகத்துக்குள் எழுந்து நிற்கும் வாயு, தூசுத் தூண்கள். "இந்த நிறமெல்லாம் நிஜமா, கம்ப்யூட்டரில் பூசியதா?" என்று கேட்கிறார்.

பூசியதுதான். ஆனால் கணக்கோடு பூசியது. கேமரா எடுப்பது கறுப்பு வெள்ளைப் படம். கந்தகம், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றின் ஒளியை மட்டும் விடும் மூன்று ஃபில்டர்கள் வழியே தனித்தனியாக எடுக்கிறார்கள். முதல் இரண்டின் ஒளியும் உண்மையில் சிவப்பு; நம் கண்ணால் பிரித்தறிய முடியாது. அதனால் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று கொடுத்துவிடுகிறார்கள்.

அந்த ஆக்சிஜனைப் பற்றித்தான் நான் சொல்லியாக வேண்டும். 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் என்ற ஆங்கிலேய வானியலாளர் ஒரு நெபுலாவின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தார். பூமியில் எந்தத் தனிமத்திலும் காணாத பச்சைக் கோடு! புதுத் தனிமமாக இருக்கும் என்று அதற்கு 'நெபுலியம்' என்று பெயர்கூட வந்தது. 1927இல்தான் அமெரிக்க இயற்பியலாளர் ஐரா போவன் முடிச்சை அவிழ்த்தார்: அது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன்.

பிறகு ஏன் பூமியில் அந்தக் கோடு தெரியவில்லை? ஓர் எலக்ட்ரான் வந்து மோதியதும் இந்த ஆக்சிஜன் ஆற்றலை வாங்கி வைத்துக்கொள்கிறது. அதைப் பச்சை ஒளியாக விட, சராசரியாக அரை நிமிடத்துக்கு மேல் யாரும் இடிக்காமல் இருக்க வேண்டும். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் பொங்கல் கூட்டத்தில், தளும்பத் தளும்பத் தண்ணீர் நிறைந்த டம்ளரோடு அரை நிமிடம் நின்று பாருங்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு மூலக்கூறு நொடிக்குப் பல நூறு கோடி முறை இடிபடுகிறது. வாங்கிய ஆற்றல் இடியிலேயே போய்விடும். நெபுலாவிலோ ஒரு கன சென்டிமீட்டரில் சில நூறு, சில ஆயிரம் அணுக்கள்தான். அங்கே வத்தல்மலை உச்சியில் தனியாக நிற்பது போல. டம்ளர் தளும்பாது.

பக்கத்தில் காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. அங்கே எடுத்த படங்களை நம் பள்ளிச் சுவர்களில் மாட்ட அரசு கொஞ்சம் பணம் ஒதுக்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சரி, வடகிழக்கில் மாட்டினால் பிரபஞ்ச சக்தி வீட்டுக்குள் வரும் என்று யாரோ அந்த வாசகரிடம் சொன்னார்களாம். சுமார் 6,500 ஆண்டுகள் பயணம் செய்து வந்த அந்த ஒளி ஹப்பிளின் கேமராவிலேயே முடிந்துவிட்டது. உங்கள் சுவரில் இருப்பது காகிதமும் மையும். நேர் வெயில் படாத சுவராகப் பார்த்து மாட்டுங்கள், மை வெளுக்காது.