இருக்கைகளை மாற்றும் முன் உட்கூரைக்கு மேலே ஏறிப் பாருங்கள்

பழைய தியேட்டரை மீட்கப் போகிறோம் என்று என்னைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு படத்தோடு வருகிறார்கள். முகப்பில் நியான் எரியும், உள்ளே சிவப்பு வெல்வெட் இருக்கைகள் வரிசை கட்டி நிற்கும். நான் கேட்கும் முதல் கேள்வி அவர்களுக்குச் சப்பென்று ஆகிவிடும்: "உட்கூரைக்கு மேலே யாராவது ஏறிப் பார்த்தீர்களா?" பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் பொறியாளனான எனக்கு, இதற்கு 'ஆமாம்' என்ற பதில் கிடைப்பது அபூர்வம்.

உட்கூரை என்பது மேற்கூரைக்கு அடியில் தொங்கவிட்ட அலங்காரக் கூரை. கீழிருந்து பார்த்தால் அதில் கல்வேலை போலத் தெரியும் பூக்களும் வளைவுகளும் பல அரங்குகளில் கல்லே அல்ல. சாக்குத்துணி, மரச்சட்டம், ஜிப்சம் மூன்றையும் சேர்த்து வார்த்த மெல்லிய தகடுகள். 1856-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற முறை இது. தகடு அவ்வளவு சீக்கிரம் கெடாது. அதைத் தாங்கும் கட்டுதான் கெடும். பிளாஸ்டர் கரைசலில் முக்கிய சாக்குத்துணியை முறுக்கி, மேலே உள்ள உத்தரத்தில் சுற்றிக் கட்டியிருப்பார்கள். காய்ந்ததும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மேற்கூரை ஒழுகி, ஈரம் ஊறுவதும் காய்வதுமாகப் பல பத்தாண்டுகள் போன பிறகு அதே கட்டை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள், மாவாக உதிரும். கீழே தங்க வண்ணம் அப்போதும் மினுங்கிக்கொண்டிருக்கும்.

லண்டனில் 1901-இல் திறந்த அப்பல்லோ நாடக அரங்கில் இதுதான் நடந்தது. 2013 டிசம்பர் 19 அன்று, நாடகம் நடந்துகொண்டிருந்தபோதே உட்கூரையின் ஒரு பகுதி சரிந்து 70-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். நைந்துபோன சாக்குக் கட்டுகளே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது.

அதற்கும் மேலே இருப்பது மேற்கூரை. வாஷிங்டனின் நிக்கர்பாக்கர் தியேட்டரில் 1922 ஜனவரி 28 இரவு, தட்டைக் கூரை பனியின் பாரம் தாங்காமல் படம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்து 98 பேர் இறந்தார்கள். திறந்து ஐந்து ஆண்டுகள்கூட ஆகாத கட்டடம் அது. எங்கள் பக்கம் பனியே கிடையாது என்று சிலர் சிரிப்பார்கள். வடிகால் அடைத்துக்கொண்டு 10 செ.மீ. மழைநீர் தேங்கினாலே சதுர மீட்டருக்கு 100 கிலோ. நடுவில் தூணே இல்லாத கூடம் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆபரேட்டர் அறையை மட்டும் அவசரப்பட்டு இடிக்காதீர்கள். அந்தக் காலத்தில் அங்கே ஓட்டிய நைட்ரேட் பிலிம் தானே ஆக்சிஜனை வெளிவிட்டு எரியும். தண்ணீருக்குள் போட்டாலும் அணையாது. கோடாக் அதன் தயாரிப்பை நிறுத்தியது 1951-இல்தான். அதனால்தான் அந்த அறைச் சுவர்கள் அவ்வளவு தடிமன், ஜன்னல் துவாரங்களுக்கு இரும்புக் கதவுகள். சூடேறினால் உருகும் ஒரு கண்ணியில் கதவு தொங்கும். தீப்பிடித்தால் கண்ணி அறுந்து, கதவு தானாக விழுந்து மூடும். எனக்கு அந்தக் கட்டடத்திலேயே மிகவும் பிடித்த பொருள் அதுதான். ஆனால் சுவரில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறப் பலகை, தூசி நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பி முடிவு வரும்வரை யாரும் துளை போடக்கூடாது.

வண்ணத்தைப் பற்றி ஒன்று. ஒரு அரங்கில் 'பழைய நிறம்' என்று காவிப்பழுப்பைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள். மூலையில் உள்ளங்கை அளவு துடைத்துக் காட்டினேன். பஞ்சு கறுத்தது, அடியில் வெளிர்பச்சை. அத்தனை வருடமும் அவர்கள் ரசித்தது சிகரெட் புகையை!

செலவுப் பட்டியலில் நான் எழுதி, உரிமையாளர்கள் அடிக்கப் பார்க்கும் வரி ஒன்று எப்போதும் உண்டு: உட்கூரைக்கு மேலே நடக்கப் பலகைப் பாதை, கைப்பிடி, நாலு விளக்கு, ஏறிப்போக ஒரு கதவு. டிக்கெட் வாங்கி வருபவர் கண்ணில் அது படவே படாது என்பார்கள். இருக்கைகளில் கடைசி இரண்டு வரிசையைக் குறைத்துக்கொள்ளுங்கள், அந்த வரியை அடிக்காதீர்கள் என்று சொல்லிவிடுவேன்.